ஆயா சொன்ன ஜப்பான் குண்டு

வணக்கம் சார்,

மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். வீடு தண்டையார்பேட்டையில். வேலை முடிந்து வந்தால் எங்கள் தெரு கேரம் கிளப்பில்தான் இருப்பேன். அங்கே ஆட்டத்தைவிட வாய்ச்சண்டை அதிகம். உக்ரைன் போர் ஆரம்பித்ததிலிருந்து போர்டைச் சுற்றி நாலு நாடு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1971 பாகிஸ்தான் போரில் நமக்காக நின்றது ரஷ்யாதான், அதை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள் என்கிறான் ஒருத்தன். அடுத்து ஒரு பெரிய போர் வரப்போகிறது, அதற்கு முன்னாடியே அமெரிக்கா பக்கம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், ஜெயிக்கிற கட்சியில் இருந்தால்தான் பங்கு கிடைக்கும் என்கிறான் இன்னொருத்தன். எனக்கு ரெண்டு பேர் சொல்வதும் பாதி சரி மாதிரித் தெரிகிறது. உலகப் போரில் ஜெயித்தவர்கள்தானே இன்றுவரைக்கும் உலகத்தை நடத்துகிறார்கள்? அப்படியென்றால் யார் பக்கம் நிற்பது என்று நாம் இப்போதே முடிவு செய்துவிட வேண்டாமா?

இன்னொன்று, இது சின்ன விஷயம்தான். எங்கள் ஆயா இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார்கள். "ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்டான், எங்கப்பா எங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வாலாஜாபாத்துக்கு ஓடினாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கிளப்பில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "அது ஜெர்மன்காரனோட எம்டன் கப்பல்டா, உங்க ஆயா குழப்பிக்கிச்சு" என்கிறார்கள். யார் சொல்வது சரி சார்?

வே.,
தண்டையார்பேட்டை

*

அன்புள்ள வே.,

சின்ன விஷயம் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் பெரிய கேள்விக்குப் பதில் அதற்குள்தான் கிடக்கிறது.

உங்கள் ஆயா குழப்பிக்கொள்ளவில்லை. கிளப் நண்பர்கள் சொல்வதும் பொய்யில்லை. நம்ம ஊர் இரண்டு உலகப் போரிலும் அடி வாங்கியது. முதல் அடி 1914 செப்டம்பர் 22 ராத்திரி. மணி ஒன்பதரை இருக்கும். எம்டன் விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டு கரைக்குப் பக்கத்தில் வந்து, திடீரென்று சர்ச்லைட்டைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். டாங்குகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டும் கப்பல் காயமில்லாமல் இருட்டில் போய்விட்டது. ஹைகோர்ட்டின் கிழக்குச் சுவரில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. பீச் ஸ்டேஷனுக்கு அவசரமாக ஓடுகிற யாரும் அதைப் பார்ப்பதில்லை. கல்வெட்டு எதற்கு, "ஆளு சரியான எம்டன்" என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

இரண்டாவது அடி 1943 அக்டோபர் 12-ல். ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பகுதியில் குண்டு போட்டுவிட்டுப் போனது. ஆயா சொன்ன ஜப்பான் குண்டு அதுதான். ஆனால் வாலாஜாபாத்துக்கு ஓடியது அநேகமாக அந்த வருஷம் இருக்காது. அது ஒன்றரை வருஷம் முந்தி, 1942 ஏப்ரல். அந்த மாதம் 5-ம் தேதி ஜப்பானியக் கடற்படை கொழும்பைத் தாக்கியது. 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ம் தேதி திருகோணமலை. அன்றைக்கே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டார்கள். அடுத்தது மெட்ராஸ்தான் என்று அரசாங்கமே நம்பியது. அவசர வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டு அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றினார்கள். சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்று அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். அப்புறம் ஜப்பான்காரன் வரவேயில்லை. வருவான் வருவான் என்று காத்திருந்து, எல்லாரும் திரும்பி வந்த பிறகு, அடுத்த வருஷம் அந்த ஒற்றை விமானம் வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் ஞாபகத்தில் ஓட்டமும் குண்டும் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

சரி, இதில் உங்கள் கிளப் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 1914-ல் எம்டனைத் தேடி இந்தியப் பெருங்கடல் முழுக்க அலைந்த கப்பல்களில் ஜப்பானியக் கப்பல்களும் இருந்தன. நம்மைக் காப்பாற்ற, அதாவது நம்மை ஆண்டவர்களைக் காப்பாற்ற! 1902-லேயே பிரிட்டனும் ஜப்பானும் கூட்டு. ரஷ்யாவைக் கண்டு இருவருக்கும் இருந்த பயத்தில் எழுதிய ஒப்பந்தம் அது. அந்த ரஷ்யாவே 1914-ல் பிரிட்டன் பக்கம் வந்துவிட்டது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எம்டன் கடைசியாக 1914 நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் அடிபட்டுத் தரை தட்டியது. அடித்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போன கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்ததுதான் சிட்னி. அது எம்டனை நோக்கிப் பிரிந்து போனபோது மிச்சக் கப்பல்களுக்குக் காவல் நின்றது இபுகி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல். ஆஸ்திரேலியப் பையன்களை ஜப்பான்காரன் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனான். 28 வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் குண்டு போட்டதும் அவனேதான்.

சிங்கப்பூர் கதை இதைவிட விசித்திரம். 1915 பிப்ரவரி 15-ல் அங்கே இருந்த இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். அதை அடக்க உதவிக்கு இறங்கியவர்களில் ஜப்பானியக் கடற்படையினரும் உண்டு. 1942-ல் அதே சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. தேதியும் அதே பிப்ரவரி 15. இந்த முறை சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கூப்பிட்டு, வாருங்கள், உங்கள் நாட்டை விடுவிக்கலாம் என்றார்கள். இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் பிறந்தது. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த எத்தனையோ தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள். வேறு எத்தனையோ தமிழர்களை அதே ஜப்பானிய ராணுவம் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோய்க் காலராவிலும் பட்டினியிலும் சாகவிட்டது. எதிரிக்கு எதிரி நண்பன் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கு அது உண்மையாகவும் பக்கத்து வீட்டுக்குப் பொய்யாகவும் இருந்திருக்கிறது.

நண்பன் எப்படி எதிரியானான்? இங்கேதான் உங்கள் 'ஜெயிக்கிற கட்சி' நண்பரைக் கொஞ்சம் உட்கார வைக்க வேண்டும். ஜப்பான் முதல் உலகப் போரில் ஜெயித்த கட்சி. 1917-ல் மத்தியதரைக் கடல் வரைக்கும் கப்பல் அனுப்பி பிரிட்டனுக்கு உதவியது. பங்கும் கிடைத்தது. பசிபிக்கில் ஜெர்மனியிடம் இருந்த தீவுகளில் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தவை ஜப்பான் கைக்கு வந்தன. ஆனால் 1919-ல் பாரிஸ் மாநாட்டில், எல்லா இனமும் சமம் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று ஜப்பான் கேட்டபோது கூட்டாளிகள் மாட்டோம் என்றுவிட்டார்கள். அடுத்து 1921-22-ல் வாஷிங்டனில் ஒரு மாநாடு. யார் எத்தனை பெரிய போர்க்கப்பல் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஐந்து ஐந்து என்றால் ஜப்பானுக்கு மூன்று. 1902-ல் செய்த கூட்டும் அதோடு போயிற்று. 1923-ல் முறைப்படிக் காலாவதி.

பிரிட்டன் ஏன் இருபது வருஷக் கூட்டாளியைக் கைவிட்டது? அமெரிக்காவுக்கு அந்தக் கூட்டு பிடிக்கவில்லை. கனடாவுக்கும் பிடிக்கவில்லை. போரில் ஜெயித்த பிரிட்டன் அப்போது அமெரிக்காவிடம் பல நூறு கோடி டாலர் கடனில் இருந்தது. கடன் கொடுத்தவருக்குப் பிடிக்காத ஆளோடு எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்?

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு பொதுச் சுவருக்காகப் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கடைசியில் அண்ணன் ஜெயித்தார். பட்டாசுகூட வெடித்தார்கள். அதற்குள் இரண்டு வீட்டுப் பெண்களின் நகையும் தெருமுனை அடகுக்கடைக்குப் போயிருந்தது. அடுத்த மூன்று வருஷத்தில் இரண்டு வீடும் அந்தக் கடைக்காரர் பெயரில் பத்திரமானது. அவர் முதல் வேலையாக அந்தச் சுவரை இடித்தார்.

இரண்டு உலகப் போரையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும். 1914-ல் அமெரிக்கா மற்றவர்களுக்குக் கடன்பட்ட நாடு. 1918-ல் மற்றவர்கள் அதற்குக் கடன்பட்டிருந்தார்கள். அடுத்த போரில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1940 செப்டம்பரில், ஹிட்லரோடு பிரிட்டன் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 50 பழைய போர்க்கப்பல்களைக் கொடுத்துவிட்டு, நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கரீபியன் தீவுகள் வரைக்கும் பிரிட்டிஷ் இடங்களில் தளம் அமைத்துக்கொள்ளும் உரிமையை 99 வருஷத்துக்கு எழுதி வாங்கியது அமெரிக்கா. போர் முடிந்து 1946-ல் 375 கோடி டாலர் கடன், 2 சதவீத வட்டி. பிரிட்டன் அதன் கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பரில். ஜெயித்து அறுபத்தோரு வருஷம் கழித்து!

நம்மிடமும் ஒரு கடன் சீட்டு இருந்தது என்று சொன்னால் உங்கள் கிளப்பில் நம்ப மாட்டார்கள். இரண்டாம் போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 130 கோடி பவுண்டு. 25 லட்சம் இந்தியச் சிப்பாய்கள் அந்தப் போரில் இருந்தார்கள். துணி, சணல், எஃகு, தானியம் எல்லாம் இங்கிருந்து போனது. காசு பிறகு தருகிறோம் என்று லண்டனில் கணக்கு எழுதினார்கள், இங்கே நோட்டு அடித்துச் சமாளித்தார்கள். விலை ஏறியது. 1943 வங்காளப் பஞ்சத்தில் முப்பது லட்சம் பேர் வரை செத்ததற்கு அந்த விலை ஏற்றமும் ஒரு காரணம். ஆக, இங்கே மக்கள் பட்டினி கிடந்து லண்டனில் வரவு வைத்தோம். இவ்வளவு கடன் வாங்கிவிட்ட சாம்ராஜ்யத்தால் இந்தியாவை இனிமேல் கட்டி மேய்க்க முடியாது என்பது 1945-க்குப் பிறகு லண்டனில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்களுக்கே தெரிந்திருந்தது. சுதந்திரத்துக்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் 1947 என்ற தேதி வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

'ஜெயித்தவர்கள்தானே உலகத்தை நடத்துகிறார்கள்' என்கிறீர்கள். ஐ.நா. பாதுகாப்பு சபையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வீட்டோ உள்ள ஐந்து நாற்காலியும் 1945-ல் ஜெயித்தவர்களுக்குப் போட்டவை. ஆனால் 1956-ல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின் மேல் படை எடுத்தபோது, சரிகிற பிரிட்டிஷ் பவுண்டைத் தாங்கக் கை கொடுக்க மாட்டேன் என்றது அமெரிக்கா. சில நாட்களில் போரை நிறுத்தினார்கள், டிசம்பருக்குள் மூட்டை கட்டினார்கள். நாற்காலி இருந்தது, நடத்துகிற சக்தி போய்விட்டது. அந்தப் பக்கம் தோற்றவர்களைப் பாருங்கள். ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் 1951 செப்டம்பர் 8-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கையெழுத்தானது. அதே நாளில் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் ஜப்பான் கையெழுத்துப் போட்டது. ஹிரோஷிமா நடந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. பெர்லின் விழுந்து பத்தே வருஷத்தில், 1955 மே மாதம், மேற்கு ஜெர்மனி அமெரிக்காவின் படைக் கூட்டான நேட்டோவில். யாரை எதிர்த்து? பெர்லினைப் பிடித்த கூட்டாளியான சோவியத்தை எதிர்த்து. அந்தப் போரில் சோவியத்தில் செத்தவர்கள் சுமார் 2.7 கோடிப் பேர்.

கூட்டாளிகள் ஒருவரையொருவர் எந்த அளவுக்கு நம்பினார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. 1944 அக்டோபர், மாஸ்கோ. போர் இன்னும் முடியவில்லை. சர்ச்சில் ஒரு துண்டுத் தாளில் எழுதுகிறார்: ருமேனியாவில் உங்களுக்கு 90 சதவீதம், கிரீஸில் எங்களுக்கு 90, யுகோஸ்லாவியா பாதிப் பாதி. ஸ்டாலின் அதைப் பார்த்துவிட்டு நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டுத் திருப்பித் தள்ளுகிறார். பாகப் பிரிவினை முடிந்தது. அந்த நாட்டுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. நம் வீடுகளில்கூடக் கருமாதி முடியும் வரைக்குமாவது பொறுப்பார்கள்.

அப்புறம் உங்கள் 1971 நண்பர். அவருடைய 'நன்றி' வாதத்தை என்னால் சிரித்து ஒதுக்க முடியாது. நானே சின்ன வயதில் அதை உணர்ந்தவன்.

நான் படித்த கார்ப்பரேஷன் பள்ளியில் மத்தியானம் உப்புமா போடுவார்கள். மஞ்சளாக, கொஞ்சம் கட்டி தட்டி இருக்கும். ரவை மூட்டை தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கும். மூட்டை மேல் இரண்டு கைகள் குலுக்குகிற மாதிரி ஒரு படம். அமெரிக்கா அனுப்பியது என்று வாத்தியார் சொன்னார். காலியான சாக்கை வீட்டுக்கு எடுத்துவந்து வாசலில் கால் மிதியாகப் போட்டிருந்தோம். தினமும் அந்தக் கைகுலுக்கல் மேல் கால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கோதுமைக் கப்பல்களை அவர்தான் கணக்கெடுப்பார். '65, '66-ல் கப்பல் ஏன் விட்டு விட்டு வந்தது என்று பின்னாளில் சொன்னார். வியட்நாம் போரை இந்தியா குறை சொன்னதில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்குக் கோபம். நம்முடைய விவசாயக் கொள்கையும் அவருக்குப் பிடிக்கவில்லை. மாதா மாதம் பார்த்துப் பார்த்து அவிழ்த்துவிட்டார். 1971 டிசம்பரில் அதே அமெரிக்காவின் என்டர்பிரைஸ் கப்பல் நம்மை மிரட்ட வங்காள விரிகுடாவுக்கு வருகிறது என்று பேப்பரில் வந்தது. கால் மிதி வாசலில்தான் கிடந்தது. பத்து வயதுப் பையனுக்குத் தலை சுற்றியது.

சோவியத் கப்பல்கள் பின்னாலேயே வந்தது உண்மை. ஆனால் ஏன் வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றங்கரையில் சோவியத்தும் சீனாவும் சுட்டுக்கொண்டன. இரண்டும் கம்யூனிஸ்ட் நாடு. அந்த விரிசலுக்குள் அமெரிக்கா நுழைந்தது. 1971 ஜூலையில் ஜனாதிபதி நிக்சனின் ஆலோசகர் கிசிஞ்சர் ரகசியமாக பெய்ஜிங் போனார், போனது பாகிஸ்தானிலிருந்து. சீனாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது பாகிஸ்தான் என்பதால் கிழக்கு வங்காளத்தில் நடந்த படுகொலையை நிக்சன் கண்டுகொள்ளவில்லை. சீனாவும் அமெரிக்காவும் நெருங்குவதைப் பார்த்த மாஸ்கோ ஆகஸ்ட் 9-ல் நம்மோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நமக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள், அவர்களுக்கு நாம். அவசரத்துக்கு வந்த உதவி உதவிதான், மறக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு மாஸ்கோவை நம் பக்கம் தள்ளியது பெய்ஜிங் மேல் இருந்த பயம். 2022 பிப்ரவரியில் அதே மாஸ்கோவும் பெய்ஜிங்கும் எங்கள் நட்புக்கு எல்லையே இல்லை என்று கூட்டாக அறிக்கை விட்டன. 1971-ன் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சரக்கு வாங்க முடியாது.

நீங்கள் தினமும் வேலைக்குப் போகிற வழியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மணலி ரிஃபைனரி. பழைய ஆட்கள் இன்னும் எம்ஆர்எல் (மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட்) என்றுதான் சொல்வார்கள். 1965 டிசம்பரில் அந்தக் கம்பெனியைப் பதிவு செய்தபோது இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோ எண்ணெய்க் கம்பெனிக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13. ஆமாம், அமெரிக்காவும் ஈரானும் சரிசமமாக! அப்போது ஈரானில் மன்னர் ஷாவின் ஆட்சி, அமெரிக்காவுக்குச் செல்லப் பிள்ளை. 1969-ல் ஆலை ஓட ஆரம்பித்தது. 1979-ல் ஈரானில் புரட்சி, தூதரகத்தில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள், அன்றிலிருந்து இன்றுவரை ஜென்மப் பகை. மணலியில் மட்டும் இரண்டு பேரும் பங்குதாரர்களாகவே ஆறு வருஷம் தொடர்ந்தார்கள். 1985-ல் அமோகோ விற்றுவிட்டுப் போனது. ஈரான் பங்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தடையால் 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. நம் ஊரில் பங்காளி என்ற சொல்லுக்குச் சொத்தில் பங்கு உள்ளவன் என்றும் பேச்சுவார்த்தை இல்லாதவன் என்றும் இரண்டு அர்த்தமும் இருப்பது சும்மா இல்லை.

அப்புறம் 2022. உக்ரைனுக்கு முன்னால் நாம் வாங்கிய எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நட்பா? தள்ளுபடி விலை. அதே 2022 ஆகஸ்டில், எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி கப்பல் தளத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் ரிப்பேருக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் இந்தியாவில் ரிப்பேருக்கு நின்றது அதுதான் முதல் தடவை. பக்கத்து யார்டுக்காரரான உங்களுக்கு இது தெரிந்திருக்கும். 1971-ல் எந்தக் கடலுக்கு மிரட்ட வந்தார்களோ அதே கடலோரத்தில் வெல்டிங் வேலைக்கு வந்து நின்றார்கள். அங்கிருந்து தெற்கே சில மைல் தள்ளி, துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது.

இரண்டு பக்கமும் வியாபாரம் செய்வது சாமர்த்தியம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அதற்கும் ஒரு விலை உண்டு. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று சொல்லியே அமெரிக்கா நம் சரக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. அந்த மாதம் யார்டில் பெட்டிகள் எப்படி நகர்ந்தன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

'இப்போதே ஒரு பக்கம் சேர்ந்துவிட வேண்டாமா' என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். எந்தப் பக்கம் என்பதே போருக்குள் மாறுகிற விஷயம். இத்தாலி 1914 வரை ஜெர்மனியோடு கூட்டில் இருந்தது, 1915-ல் எதிர்க் கட்சிக்கு வந்தது, 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1943-ல் மறுபடி எதிர்க் கட்சி. சோவியத் 1939 ஆகஸ்ட் 23-ல் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டு, 1941 ஜூன் 22-ல் அவனிடமே அடி வாங்கிய பிறகு சர்ச்சிலுக்குத் தோழனானது. முதல் போரில் சீனாவும் ஜெயித்த கட்சிதான். ஒரு லட்சத்துக்கும் மேல் கூலிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. மாநாட்டில் அதன் ஷான்டுங் பகுதியில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளைத் தூக்கி ஜப்பானுக்குக் கொடுத்தார்கள். ஜெயிக்கிற கட்சியில் சேர்ந்தவனுக்குப் பங்கு நிச்சயம் என்று அந்தச் சீனாக்காரர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். அதற்காக யாரோடும் சேராமலே இருந்துவிடலாம் என்றும் இல்லை. முக்கால் நூற்றாண்டு எந்தப் படைக் கூட்டிலும் சேராமல் இருந்த பின்லாந்து, பக்கத்து வீடு எரிவதைப் பார்த்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் போய் நின்றது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரஷ்யாவோடு அவர்களுக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல் எல்லை இருக்கிறது, நமக்கு ஒரு அடிகூட இல்லை.

அடுத்த முறை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி மேலே வாருங்கள். எம்டன் கல்வெட்டை நண்பர்களுக்குக் காட்டலாம். நீங்கள் வந்த ரயில்பாதை ஜப்பான் கொடுத்த கடனில் தோண்டியது என்பதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். ஆயா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

ஒன்று கேட்க வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து அவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள், திரும்பி வந்தபோது தண்டையார்பேட்டை வீட்டில் பூட்டு இருந்ததா என்று ஆயா ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.